புதுப்பிப்பு: முள்ளை விழுங்கிய கொடுவா

திரும்பத் தண்ணீரில் விடப்போகிற கொடுவா மீன் தூண்டில் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டால், முள்ளைப் பிடுங்கி விடுவதா, தூண்டில் நரம்பை வெட்டி விடுவதா என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். 'குறடு போட்டு இழுங்க தம்பி' என்றவர்களே அதிகம்.

சரி, நான் இப்போது வெட்டித்தான் விடுகிறேன். மீனின் இதயம் தொண்டைக்குக் கீழே, செவுளை ஒட்டியே இருக்கிறது. உள்ளே குறடால் திருகினால் எது கிழியும் என்று சொல்ல முடியாது. செவுள் வழியாக ரத்தம் கொட்டினால் அப்புறம் அது பிழைப்பது கஷ்டம். அமெரிக்க நன்னீர் மீனான புளூகில்லை வைத்துச் செய்த சோதனையிலும் முள்ளைப் பிடுங்கியவைதான் கூடுதலாகச் செத்தன. வெட்டி விட்டவற்றில் பல, முள்ளைத் தாமே வெளியே தள்ளிவிட்டன.

மீனைத் தண்ணீரிலேயே வைத்து, முள்ளுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அங்கே வெட்டுங்கள். வாயிலிருந்து நரம்பு நீளமாகத் தொங்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் முள் வேண்டாம், லேசில் துருப்பிடித்துக் கரையாது.

உயிர் இறால் கோத்தால் இப்போது சர்க்கிள் ஹூக்தான் (நுனி உள்பக்கமாக வளைந்த வட்ட முள்). கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது (கை அரிக்கும்தான்!). நரம்பு இறுகியதும் நிதானமாகச் சுற்றினால் பெரும்பாலும் கடைவாயில் மாட்டும்.

ரத்தம் நிற்காத பெரிய மீனை மட்டும் விடுவதில்லை. அது குழம்புக்கு.