ஹேவ் போடணுமா வேண்டாமா? அவசரம், இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணும்

வைகைக்கரை:
வேலைக்கு இங்கிலீஷ்ல விண்ணப்பம் எழுதுறேன். ஒரு வரியில ஹேவ் போட்டது தப்பாம், இன்னொரு வரியில போடாதது தப்பாம். ஃப்ரெண்ட் சொல்றான், ஏன்னு கேட்டா அவனுக்கே தெரியல. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நெல்லைச்சீமை:
எந்த வரி தம்பி? அதைப் போடாம எப்படிச் சொல்றது?

பனங்காடு:
வரியில வருஷம் ஏதும் வருதா? அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க.

இலக்கணப்பித்தன்:
இது எட்டாம் வகுப்புப் பாடம். பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை ஒழுங்கா மனப்பாடம் பண்ணியிருந்தா இந்தக் கேள்வியே வராது. இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுறது?

வைகைக்கரை:
சாரி. 1) ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2019. 2) ஐ ஆம் வொர்க்கிங் இன் அக்கவுண்ட்ஸ் சின்ஸ் 2021.

நெல்லைச்சீமை:
வேலை முடிஞ்சா பாஸ்ட், முடியலைன்னா பிரசன்ட். அவ்வளவுதான்.

மல்லிகா டீச்சர்:
இல்லைங்க, அந்த விதியாலதான் குழப்பமே. முதல் வரியில 2019னு முடிஞ்சுபோன காலத்தைச் சொல்லிட்டார், அதோட ஹேவ் சேராது. 'ஐ கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2019.' வருஷத்தை எடுத்துட்டா 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம்' ரொம்பச் சரி. படிப்பு ரெண்டுலயும் முடிஞ்சதுதானே? 'எப்போ'ன்னு சொல்றோமாங்கறதுதான் கேள்வி. நாம 'நேத்தே வந்திருக்கார்'னு தாராளமா சொல்வோம். அந்தப் பழக்கத்துலதான் பிள்ளைங்க 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே'ன்னு எழுதுது.
ரெண்டாவதும் அப்படித்தான். தமிழ்ல '2021லேர்ந்து வேலை பார்க்கிறேன்'னா போதும். இங்கிலீஷ்ல அன்னைக்குத் தொடங்கி இன்னைக்கு வரைக்கும் நீளுதுன்னா 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வேணும். அட்டவணையை ஒப்பிக்கிற பிள்ளைங்களும் இங்கதான் தடுமாறுது சார்.

டல்லாஸ் தமிழன்:
அமெரிக்காவுல இவ்வளவு ஹேவ் யாரும் போடறதில்லை. சாப்டாச்சான்னா 'ஐ ஆல்ரெடி எய்ட்'தான்.

இலக்கணப்பித்தன்:
அது கொச்சை. இங்கே பிரிட்டிஷ் இங்கிலீஷ்தான் கணக்கு.

டல்லாஸ் தமிழன்:
கொச்சையா? இங்கே படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க. உங்க அட்டவணையில இல்லைன்னா தப்பாகிடுமா?

மல்லிகா டீச்சர்:
ஆல்ரெடி, ஜஸ்ட், யெட் வர்ற இடத்துல அமெரிக்கர்கள் சாதாரண பாஸ்ட் சொல்றது உண்மை, அது கொச்சையும் இல்லை. ஆனா 'சின்ஸ் 2021' வந்து வேலையும் தொடர்ந்தா அங்கேயும் ஹேவ் பீன்தான். இவர் கேட்டது அதைத்தான்.

இலக்கணப்பித்தன்:
பரீட்சையில அமெரிக்கா வந்து மார்க் போடாது.

பனங்காடு:
இவர் எழுதுறது பரீட்சை இல்லை, விண்ணப்பம். அதுசரி, தம்பி இப்பவும் அந்த வேலையிலதான் இருக்காரா? விட்டிருந்தா ரெண்டாவது வரிக்குச் சொன்னதெல்லாம் மாறிடும்.

வைகைக்கரை:
போன மாசமே விட்டுட்டேன். வொர்க்ட்னு மாத்தி அனுப்பியாச்சு. எல்லாருக்கும் நன்றி!

மல்லிகா டீச்சர்:
சின்ஸை எடுத்துட்டு 'ஃப்ரம் 2021'னு போட்டு, விட்ட மாசத்தையும் சேர்த்தீங்களா? 'ஐ வொர்க்ட் சின்ஸ் 2021'னு போயிருந்தா அதுவும் தப்பு.