துரைப்பாக்கம் டிபன் கடைக்குத் தண்ணீர் லாரி: 1,900-ஆ, 2,200-ஆ?

புதுக்கடை:
சென்னை ஓஎம்ஆர் சாலையை ஒட்டி 50 பேர் உட்காரும் டிபன் கடை அடுத்த மாதம் திறக்கிறேன். போர் தண்ணீர் உப்பு. மூன்று நாளைக்கு ஒரு 12,000 லிட்டர் லோடு வாங்கியாக வேண்டும். மூன்று பேர் வந்து பேசினார்கள். ஒருவர் லோடு 1,900 ரூபாய் என்கிறார். இரண்டு லாரி மட்டும் வைத்திருக்கும் இன்னொருவர் 2,200. மூன்றாமவர் பெரிய பார்ட்டி. 2,050-க்குத் தருவார், ஆனால் ஒரு வருட ஒப்பந்தமும் முன்பணமும் கேட்கிறார். யாரைப் பிடிக்கலாம்?

கணக்குப்பிள்ளை:
1,900 தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாதம் 10 லோடுக்கு 3,000 ரூபாய் மிச்சம். இத்தனை பேர் போட்டி போடும் ரோட்டில் ஒரே ஆளைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? சரியில்லை என்றால் அடுத்த லோடுக்கு அடுத்த ஆள். வருட ஒப்பந்தத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள், மழைக்காலத்தில் விலை இறங்கும்போது வயிறு எரியும்.

பெருங்குடி மெஸ்:
கணக்குப்பிள்ளை சார் ஐப்பசியில் உட்கார்ந்து பேசுகிறார். 2019 சித்திரையில் இருந்து பார்த்திருக்க வேண்டும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். 25 லட்சம் லிட்டரோடு முதல் ரயில் ஜூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பே நான் மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். "அடுத்த ஆள்" அத்தனை பேருக்கும் போன் போட்டேன், ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தவர் நாலு வருடமாக என்னிடம் காசு வாங்கியவர். விலையை ஏற்றித்தான் கேட்டார், மறைக்கவில்லை. ஆனால் வண்டி வந்தது.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, 2019-ஐயே எத்தனை நாள் சொல்வீர்கள்? நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் ஆலை 2024 பிப்ரவரியில் திறந்தாயிற்று, ஒரு நாளைக்கு 15 கோடி லிட்டர். தென்சென்னைப் பக்கம் குழாய்த் தண்ணீர் கூடக் கூட, லாரிக்காரர்தான் நம்மைத் தேடி வருவார்.

பெருங்குடி மெஸ்:
குழாய் உங்கள் தெருவுக்கு வந்த அன்று சொல்லுங்கள், நானும் வந்து ஒரு குடம் பிடித்துக்கொள்கிறேன்.

பழைய டிரைவர்:
11 வருடம் இந்த ரோட்டில் டேங்கர் ஓட்டியவன். இரண்டு பேரும் லாரியைப் பற்றியே பேசுகிறீர்கள், கிணற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு லோடு பிடிக்க இருபது நிமிடம். சித்திரை, வைகாசியில் ஊற்று குறைந்துவிடும், அதே லோடுக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்போம். எட்டு நடை போன வண்டி மூன்று நடைதான் போகும். அந்த மூன்றும் யாருக்கு? நான் ஓட்டிய இடத்தில் ஒரே அபார்ட்மென்ட் தினமும் 15 லோடு எடுக்கும். அவர்களை விட்டுவிட்டு மூன்று நாளைக்கு ஒரு லோடு எடுக்கும் டிபன் கடைக்கா முதலாளி வண்டியைத் திருப்புவார்? ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டினால் "தண்ணியே இல்லையே சார்" என்பார், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். இரண்டு லாரிக்காரருக்கு நீங்கள் பெரிய பார்ட்டி. அவரிடம் போங்கள். எந்தக் கிணறு என்று கேட்டு ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

அப்புறம், அளவு. தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டி 10 அடிக்கு 8 அடி என்றால், ஒரு அடி உயரம் சுமார் 2,265 லிட்டர். காலித் தொட்டியில் முழு லோடு விழுந்தால் 5 அடி 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சுவரில் கோடு போட்டு வையுங்கள்.

கேட்டரிங் அக்கா:
தம்பி, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவே இல்லையே! ஒரு லோடில் கடினத்தன்மை ஏறினால் துவரம்பருப்பு வேகாது, சாம்பார் திப்பி திப்பியாக நிற்கும். ஆளை மாற்ற மாற்ற ருசியும் மாறும். டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், வரும் ஒவ்வொரு லோடையும் பாருங்கள். 500-க்குள் இருந்தால் நல்லது.

கணக்குப்பிள்ளை:
மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும் அக்கா, கிருமியைச் சொல்லாது. 150 காட்டும் தண்ணீரிலும் சாக்கடை கலந்திருக்கலாம். சாப்பாட்டுக் கடைத் தண்ணீர் ஐஎஸ் 10500 என்ற குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும், ஆய்வகத்தில் கொடுத்து ரிப்போர்ட் வாங்குங்கள். லோடுக்கு லோடு பார்க்க, கிருமி இருந்தால் கறுக்கும் ஹெச்2எஸ் சோதனைக் குப்பி போதும். தண்ணீரை ஊற்றி வைத்து இரண்டு நாளில் கறுத்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

கேட்டரிங் அக்கா:
அதுவும் சரி. குடிக்கக் கேன் போடுவீர்கள் என்றால் மூடியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கட்டாயத்தை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் உரிம எண்தான் முக்கியம்.

பெருங்குடி மெஸ்:
விலை மட்டும் பார்க்கச் சொன்னவர் குப்பி, ஆய்வகம், உரிம எண் என்று போய்விட்டாரே. 3,000 ரூபாய் மிச்சத்தில் இதற்கே பாதி போய்விடுமே சார்?

புதுக்கடை:
எல்லோருக்கும் நன்றி. கடை திறந்து பத்து நாள் ஆகிறது. சோதனைக்காக முதல் லோடு 1,900-காரரிடமும் அடுத்தது 2,200-காரரிடமும் வாங்கினேன். மோட்டாரை நிறுத்திவிட்டு அளந்தேன். டிரைவர் அண்ணன் சொன்ன அதே 10-க்கு 8 சம்ப்தான். 2,200-காரர் தண்ணீர் கோட்டைத் தொட்டது. 1,900-காரர் தண்ணீர் 4 அடி 8 அங்குலத்தில் நின்றுவிட்டது.

பழைய டிரைவர்:
சுமார் 1,400 லிட்டர் குறைகிறது. வரும் வழியில் ஏதாவது டீக்கடை டிரம்மில் இறங்கியிருக்கும். நானும் இறக்கியவன்தான், சொல்வதற்கென்ன.

கணக்குப்பிள்ளை:
ஒரு நிமிடம். 10,570 லிட்டர் 1,900 ரூபாய் என்றால் லிட்டர் 18 பைசா. 2,200-காரர் முழுசாகக் கொடுத்ததே 18.3 பைசா. இப்போதும் என் ஆள்தான் மலிவு!

பெருங்குடி மெஸ்:
திருடினது போகவும் மலிவா! சார், உங்கள் கடை எங்கே இருக்கிறது? ஒரு நாள் வந்து காபி குடித்துப் பார்க்க வேண்டும்.

புதுக்கடை:
2,200-காரரிடம் மாதம் எட்டு, 1,900-காரரிடம் இரண்டு என்று பேசிவிட்டேன். கோட்டைக் காட்டியதும் அவர் டிரைவரை மாற்றிவிட்டார். மே மாதம் வந்து சொல்கிறேன்.