மூன்றாம் நாள் எட்டு செல், ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் இல்லை: எங்கே பார்ப்பது?

காரைக்குடி லேப்:
எங்கள் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும்) லேபில் வெயில் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். கருவுறுதல் குறையவில்லை, மூன்றாம் நாள் எட்டு செல் கருக்களும் நன்றாகவே இருக்கின்றன. ஐந்தாம் நாள் பாதிக்கு மேல் மொருலாவிலேயே (செல்கள் திரண்ட உருண்டை) நின்றுவிடுகின்றன, அடுத்த கட்டமான பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே நீர்க்குழி விட்ட கரு) ஆவதில்லை. ஈரப்பதம் இல்லாத பெஞ்ச்டாப் இன்குபேட்டர்; திரையில் வெப்பம் 37.0, கார்பன் டை ஆக்சைடு 6%, ஆக்சிஜன் 5%. 60 மி.மீ. டிஷ், 20 மைக்ரோலிட்டர் மீடியத் துளி (கரு வளரும் ஊட்டத் திரவம்), அதை மூட 3 மில்லி எண்ணெய். ஐந்து நாளும் ஒரே மீடியம், இடையில் மாற்றுவதில்லை. முதலில் எதைப் பார்க்கலாம்?

கியூசி மதுரை:
எண்ணெயைப் பாருங்கள் சார். 60 மி.மீ. டிஷ்ஷில் 3 மில்லி ஊற்றினால் ஒன்றரை மி.மீ. உயரம்கூட நிற்காது, துளியின் உச்சி வெளியே தெரியும். ட்ரை இன்குபேட்டரில் அந்த வழியே ஐந்து நாளும் நீர் ஆவியாகி, ஆஸ்மோலாலிட்டி (மீடியத்தில் கரைந்திருப்பவற்றின் செறிவு) ஏறும். பாட்டிலில் 260, 280 என்று இருந்தது 300ஐத் தாண்டினால் கரு தடுமாறத்தான் செய்யும்.

இழப்பு டிஷ் தயாரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. சூடான மேடையில், ஹூட் (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப் பெட்டி) காற்று ஓட, பத்து டிஷ்ஷுக்கும் துளி வைத்துவிட்டு அப்புறம் எண்ணெய் ஊற்றுவதுதான் பல இடங்களில் வழக்கம். மேடைச் சூட்டையும் ஹூட் காற்றையும் நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே டிஷ். 10 மைக்ரோலிட்டர் துளி வைத்து உடனே 8 மில்லி எண்ணெய் ஊற்றி, அதன் அடியில் பிப்பெட்டை விட்டு அந்தத் துளியை எடுத்துவிட்டு, புதிதாக 40 மைக்ரோலிட்டர் விடுங்கள். கரு வைக்காத ஒரு டிஷ்ஷை இன்குபேட்டரிலேயே வைத்து, முதல் நாளும் ஐந்தாம் நாளும் ஆஸ்மோமீட்டரில் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

எம்ப்ரியோ நெல்லை:
எண்ணெய் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மீடியத்தின் பிஹெச்சையும் (அமில-காரத் தன்மையின் அளவு) அளக்காமல் விடாதீர்கள், அது கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தது. திரையில் 6% என்று காட்டும் சென்சார் நகர்ந்திருந்தால்? 5-க்கும் 6-க்கும் இடையே பிஹெச் ஏறத்தாழ 0.08 மாறும். அதே எண்ணெய்க்கு அடியில் இரவு முழுதும் வைத்த மீடியத்தை எடுத்து, எடுத்த கையோடு பிளட் கேஸ் அனலைசரில் (ரத்தத்தின் பிஹெச்சையும் வாயுக்களையும் அளக்கும் கருவி) போடுங்கள். மீடியத்தின் சிவப்பு நிறத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கொடைக்கானலில் லேப் வைத்தால் காற்றழுத்தத்துக்காக இதே சதவீதத்தைக் கூட்ட வேண்டிவரும். காரைக்குடிக்கு அந்தத் தொல்லை இல்லை.

மீடியத்தில் இருப்பது சாதா குளூட்டமைனா (ஒரு அமினோ அமிலம்) என்று லேபிளில் பாருங்கள். 37 டிகிரியில் அது உடைந்து அம்மோனியா சேரும். எளிதில் உடையாத அலனைல்-குளூட்டமைன் என்றால் அந்தக் கவலை குறைவு. சாதா என்றால் மூன்றாம் நாள் மீடியத்தை மாற்றியே ஆக வேண்டும்.

காரைக்குடி லேப்:
நன்றி. இன்னொன்று: பக்கத்து அறையில் பழைய தேக்குக் கதவுகளுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். அதுவும் காரணமாகுமா?

கியூசி மதுரை:
ஆகும். தின்னர் ஆவியை ஹெபா ஃபில்டர் பிடிக்காது, அது தூசிக்கு மட்டும்தான். கார்பன் ஃபில்டர் வேண்டும். எண்ணெயும் அந்த ஆவியை இழுத்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்து வாசனை போகும்வரை புதுக் கேஸ் எடுக்காதீர்கள்.

எம்ப்ரியோ நெல்லை:
எந்தத் தம்பதிகளுக்குக் கரு வளராமல் நிற்கிறது என்றும் பிரித்துப் பாருங்கள். மனிதக் கருவின் சொந்த மரபணுக்கள் நான்கு முதல் எட்டு செல் கட்டத்தில்தான் வேலையைத் தொடங்குகின்றன. விந்தணுவின் டிஎன்ஏ பழுதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெரியும். எல்லோருக்கும் நின்றால் லேப். சிலருக்கு மட்டும் என்றால் அந்த விந்து மாதிரிகளைப் பாருங்கள்.