மறு: ஜிப்புக்குத் தமிழ்ச்சொல்: பல்லிணையா, பற்பூட்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> பல்லிணை என்றே வைத்துக்கொள்ளலாம். பற்கள் இணைகின்றன, பொருத்தமாக இருக்கிறது.

ஐயா, முதலில் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. கிறிஸ்துமஸுக்காகத் துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு தலையணை உறை தைத்தேன். அதன் செய்முறையை எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது. "பல்லிணையை அடிப்பக்கத்தில் வை" என்று எழுதித் தங்கையிடம் கொடுத்தால், "நிறைய இணைப்பா? ஒன்றுதானே இருக்கு?" என்கிறாள். பல்லுயிர், பல்லூடகம் என்று படித்துப் பழகிய கண் அதைப் 'பல' என்றுதான் எடுத்துக்கொள்ளும். பற்பூட்டில் அந்தக் குழப்பம் வராது. பற்பசையும் பற்பொடியும் தெரியாதவர் யார்?

> பூட்டு என்றால் சாவி எங்கே?

அக்கா, ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாடு பூட்டுகிறோம். தனித்தனியாக நிற்கும் இரண்டைச் சேர்த்து, வேண்டும்போது அவிழ்க்கும்படி மாட்டுவதும் பூட்டுவதுதான். ஜிப் செய்வதும் அதையே. 1893இல் அமெரிக்காவில் விட்கம்ப் ஜட்சன் ஷூவுக்காகக் காப்புரிமை பெற்ற கொக்கிக் கருவியின் பெயரே பூட்டுவது, திறப்பது என்ற பொருளில்தான் இருந்தது. இன்று நாம் பார்க்கும் பல்வரிசை அதற்குப் பிறகு கிடியோன் சுன்ட்பேக் செய்தது, காப்புரிமை 1917இல். 'ஜிப்பர்' என்பது 1923இல் குட்ரிச் கம்பெனி தன் ரப்பர் பூட்ஸுக்கு, இழுக்கும்போது வரும் ஓசையை வைத்துச் சூட்டிய பெயர். ஆகவே "ஜிப்தான் அறிவியல் பெயர், மாற்றக் கூடாது" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடையில் நானும் ஜிப் என்றுதான் கேட்கிறேன், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு அதைவிட அவசரம் உறுப்புகளின் பெயர். போன மடலில், பற்களைக் கோத்தும் பிரித்தும் ஜிப்பின் மேல் ஓடும் ரன்னருக்கு 'இழுவை' என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் அப்படியே எழுதினேன், தையல் கெட்டது.

நடந்தது இதுதான். ஜிப் தைக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதம் ரன்னருக்குப் பக்கத்தில் வந்ததும் அந்தப் புடைப்பில் முட்டும். அங்கே நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, பாதத்தைத் தூக்கி, ரன்னரைத் தைத்து முடித்த பக்கம் தள்ளிவிட்டு, பாதத்தை இறக்கித் தொடர வேண்டும். நான் எழுதியது "இழுவையை நகர்த்து". தங்கை கையால் பிடிக்கிற அந்தச் சின்னத் தகட்டை மட்டும் மறுபக்கம் புரட்டிப் போட்டுவிட்டுத் தைத்தாள். ரன்னர் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த இடத்தில் தையல் அரை இஞ்ச் வெளியே வளைந்து, பச்சைத் துண்டும் சிவப்புத் துண்டும் சேரும் மூலை கோணிக்கொண்டது. முழுக்கப் பிரித்துத் தைத்தோம். சொல்லில்தான் தவறு, அவள் கையில் இல்லை.

அதனால் இழுவை அந்தத் தகட்டுக்கே இருக்கட்டும். ரன்னருக்கு 'ஓடி' என்றால் "ஓடி நிற்கும் இடம்" என்று எழுதும்போது வினையாகிவிடுகிறது. 'ஓட்டி' என்றால் ஒட்டுத்துணிக்குப் பக்கத்தில் ஒரு குறில் நெடிலில் மாறிப்போகும். ரன்னரைக் கழற்றி வாய்ப்பக்கமாகப் பாருங்கள். மேலே இரண்டு வழி, கீழே ஒரு வழி, நடுவில் ஆப்பு மாதிரி ஒரு சின்னத் தடுப்பு. அசல் கவட்டை. ஒரு பக்கம் தள்ளினால் இரண்டு வரிசையும் நெருங்கிக் கோத்துக்கொள்கின்றன. திருப்பித் தள்ளினால் அந்த ஆப்பு பிரித்துவிடுகிறது. 'கவை' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. பழைய சொல், இரண்டே எழுத்து, வினையோடு குழம்பாது. பல், நாடா (பற்கள் பதிந்த துணிப்பட்டை), கவை, இழுவை என்று நான்கையும் வைத்துத் திருத்திய செய்முறையைப் படித்துத் தங்கை இரண்டாவது உறையைத் தானே தைத்துவிட்டாள்.

இன்னும் ஒன்று பாக்கி. கவை கழன்று விழாமல் கடைசியில் நிறுத்தும் சின்னப் பட்டைக்கு 'முட்டு' போதுமா? நீள ஜிப்பை அளவுக்கு வெட்டினால் அது போய்விடும், பல்லின் மேல் குறுக்காக ஏழெட்டுக் கைத்தையல் போட்டுத்தான் நிறுத்துகிறோம். அதையும் முட்டு என்றே சொல்லலாமா, முட்டுத்தையல் என்று பிரிக்கலாமா? தைக்கிறவர்கள் சொல்லுங்கள்.