மே பாதி ஆகியும் துளிர்க்காத செம்பருத்தி: பிடுங்கிவிடலாமா?

எடிசன்வாசி | மே 14

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். வீடு வாங்கி இது இரண்டாவது வசந்தம், தோட்ட வேலையில் நான் கத்துக்குட்டி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஜூலையில் இங்கே ஒரு பெரிய கடையின் தோட்டப் பகுதியில் இரண்டு செம்பருத்தித் தொட்டிகள் வாங்கினேன். ஒன்று நம்மூர் மாதிரியே சிவப்புப் பூ, எண்ணெய் தடவியது போல் பளபளவென்று இலை. இன்னொன்றில் பூ ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், வெளிர் ரோஸ் நிறம், நடுவில் அடர்சிவப்பாக ஒரு வட்டம். மாமியார் வீடியோ காலில் பார்த்துவிட்டு "இது என்னம்மா, காகிதத்தில் செய்ததா?" என்று கேட்டார். இரண்டையும் பின்பக்க வேலியோரம் தரையில் நட்டேன், செப்டம்பர் வரை பூத்தன, பனி விழுந்ததும் ஒரே ராத்திரியில் இரண்டும் கருகிவிட்டன.

இப்போது ரோஜா மொட்டே வைத்துவிட்டது, பக்கத்து வீட்டு ஹைட்ராஞ்சியா பச்சைப் பசேலென்று நிற்கிறது, என்னுடையவை மட்டும் தென்னந்துடைப்பக் குச்சி மாதிரி நிற்கின்றன. ஒன்றை ஒடித்துப் பார்த்தேன், உள்ளே துளிகூடப் பச்சை இல்லை, காய்ந்த சுள்ளி. வீட்டுக்காரர் அந்த இடத்தில் தக்காளி வைக்கலாம் என்று வருகிற சனிக்கிழமை கடப்பாரையோடு இறங்கப்போகிறார். லேபிளையும் தொலைத்துவிட்டேன். பிடுங்க விடலாமா?

கொல்லைப்புறம் | மே 14

கடப்பாரையை ஒளித்து வையுங்கள்.

நீங்கள் வாங்கியவை இரண்டும் வேறு வேறு செடிகள். பளபள இலைக்காரி நம்மூர் செம்பருத்தி, ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். அவளுக்கு உயிர் கிளையில். உறைபனி பட்டால் கிளை போகும், எடிசன் குளிரில் தரையில் விட்டால் வேரும் போகும். அதைப் பிடுங்கி அங்கே தக்காளி வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த முறை தொட்டியிலேயே வளர்த்து, ராத்திரி வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும்முன் வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுங்கள்.

தட்டு அளவு பூக்காரி இந்த நாட்டுக்காரி. ஹைபிஸ்கஸ் மாஸ்கியூடோஸ், அல்லது அதையும் அதன் உறவுக்காரச் செடிகளையும் கலந்து உண்டாக்கிய ஹைப்ரிட். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்களில் தானாக வளர்வது. ஆகஸ்டில் உங்கள் நியூஜெர்சிக் கடலோரத்து ஊரான கேப் மே பக்கம் போனால் பாருங்கள், நாணலுக்கு நடுவே ரோஸும் வெள்ளையுமாக யாரும் நடாமல் பூத்துக் கிடக்கும். இதற்கு உயிர் வேரில். மேலே இருக்கும் தண்டு வருஷா வருஷம் செத்தே ஆக வேண்டும், அது நோயில்லை, சுபாவம். அடுத்த வருஷம் பழைய குச்சியிலிருந்து ஒரு இலைகூட வராது, எல்லாம் மண்ணுக்கடியிலிருந்து புதிதாகத்தான். அதனால் குச்சியை ஒடித்துப் பார்த்து அது செத்துவிட்டது என்று முடிவு செய்வது, உதிர்ந்த முடியைப் பார்த்து ஆள் போய்விட்டார் என்று சொல்வது போல.

தோட்டத்திலேயே கடைசியாக எழுந்திருக்கிற சோம்பேறி இதுதான். மண் நன்றாகச் சூடேறாமல் அசையாது. எனக்கு பென்சில்வேனியாவில் மே கடைசியில் வரும், குளிர் நீண்ட ஒரு வருஷம் ஜூன் இரண்டாம் வாரம் ஆனது. நான் முதல் வருஷம் உங்கள் வீட்டுக்காரர் செய்யப்போவதைத்தான் செய்தேன். மே முதல் வாரம் தோண்டி வெளியே போட்ட பிறகு பார்த்தால், மரவள்ளிக் கிழங்கு தடிமனில் வேர், அதன் தலையில் அரிசி மணி போல வெளுத்த முளைகள் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. திரும்பப் புதைத்தேன், பிழைக்கவில்லை. இன்னமும் அந்த முளைகள் கண்ணில் நிற்கின்றன.

ஜூன் 15 வரை கெடு கொடுங்கள். குச்சியைத் தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டுங்கள், மிச்சக் கட்டை இருந்தால்தான் இடம் தெரியும், யாரும் மிதிக்க மாட்டார்கள்.

ஸ்கார்பரோ மாமி | மே 15

பிள்ளை, அவசரப்படாதையும். நான் ரொறன்ரோவில, இங்கே மைனஸ் 20 செல்சியஸ் வரைக்கும் போகிற இரவுகள் உண்டு, எங்கள் வீட்டு வாசலில் இந்தச் செவ்வரத்தை 11 வருஷமாக நிற்கிறது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை என்றுதான் சொல்வோம், உங்கட செம்பருத்திதான்.

கொல்லைப்புறம் தம்பி சொன்னது சரி, ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். தரையில் நட்டது பிழைக்கும், தொட்டியோடு வெளியே விட்டது பிழைக்காமல் போகலாம், ஏனென்றால் தொட்டி மண் நாலு பக்கத்தாலும் உறைந்துபோகும். என்னுடைய தங்கச்சி இப்படித்தான் ஒன்றை இழந்தாள். அப்புறம் நொவெம்பரில் அடித் தூரைச் சுற்றி நாலு விரற்கடை உயரத்துக்கு விழுந்த இலையோ மரத்தூளோ போடுவேன், வசந்தத்தில் மறக்காமல் விலக்கிவிடுவேன். விலக்காவிட்டால் மண் சூடேறப் பிந்தும், செடி இன்னும் பிந்தும். நீர் ஏதும் மூடி வைத்திருக்கிறீரா?

எடிசன்வாசி | மே 15

மாமி, மரத்தூள் போட்டது உண்மைதான், இன்னும் விலக்கவே இல்லை! இப்போதே போய் விலக்குகிறேன். வீட்டுக்காரரிடம் ஜூன் 15 கெடு சொல்லியாகிவிட்டது, தக்காளி தொட்டிக்குப் போகிறது.

ஹூஸ்டன் வெயில் | மே 16

இங்கே எங்களுக்குக் குளிர் பெரிய பிரச்சினை இல்லை என்று நாங்களும் தைரியமாக நம்மூர் செம்பருத்தியைத் தரையில் வைத்திருந்தோம், வேலி முழுக்க. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் முழுக்க உறைந்ததே, அதில் எங்கள் வேலியில் ஒன்று மிஞ்சவில்லை. அதே வரிசையில் ஓரமாக இருந்த ஹைபிஸ்கஸ் காக்சினியஸ் மட்டும் ஏப்ரலில் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பி வந்தது. இதுவும் இந்த நாட்டுச் சதுப்புச் செடிதான், ஆளுயரத்துக்கு மேல் போகும், பூ நல்ல சிவப்பு, ஐந்து இதழும் ஒன்றை ஒன்று தொடாமல் நட்சத்திரம் மாதிரி விரியும். அம்மனுக்கு வைக்கச் சிவப்புதான் வேண்டும் என்பவர்கள் இதைத் தேடலாம்.

ஒரே சங்கடம், இலை அச்சு அசல் கஞ்சா இலை மாதிரி ஐந்து விரலாக இருக்கும். பூக்கும் வரை வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். என் மாமனார் வந்திருந்தபோது இரண்டு நாள் எதுவும் கேட்கவில்லை, மூன்றாம் நாள் மெதுவாக "மாப்பிள்ளை, இதெல்லாம் இங்கே சட்டப்படி சரிதானா?" என்றார்.

எடிசன்வாசி | ஜூன் 3

வந்துவிட்டது!!! காலையில் காபியோடு போனேன், கட்டைக்குப் பக்கத்தில், கட்டையில் இல்லை, நீங்கள் சொன்ன மாதிரியே மண்ணைப் பிளந்துகொண்டு சிவந்த மூக்கு மாதிரி நாலு முளை. வீட்டுக்காரர் உட்கார்ந்து எண்ணி ஐந்து என்கிறார். இனி என்ன செய்ய வேண்டும்? உரம்?

மாடியில் வெண்டை | ஜூன் 3

எப்சம் உப்பு ஒரு ஸ்பூன், வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர், அப்புறம் பூ அதிகம் வர என்று டப்பாவில் போட்டு விற்பார்களே அந்தப் பூக்கும் உரம், வாரம் ஒரு முறை கொடுங்கள். கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

கொல்லைப்புறம் | ஜூன் 4

வெண்டை, கோபித்துக்கொள்ள வேண்டாம், இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். பூக்கும் உரம் என்று விற்பதில் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் தூக்கலாக இருக்கும். செம்பருத்தி இனத்துக்கு அது மிஞ்சினால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளடிக்கும். எப்சம் உப்பு மெக்னீசியம், மண்ணில் அது குறைந்திருந்தால் ஒழிய தேவையில்லை. முளை வந்ததும் இரண்டு கை மக்கிய உரம், ஜூலையில் இன்னொரு முறை, போதும்.

இந்தச் செடிக்கு உரத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். சதுப்பில் பிறந்தது. மற்ற செடிக்கு "தண்ணீர் தேங்காத இடம்" என்பார்கள், இதற்குக் கூரைத் தண்ணீர் வடிகிற மூலைதான் ராஜ இடம். மொட்டு வைத்த பிறகு ஒரு நாலு நாள் காய விட்டீர்கள் என்றால் சுண்டுவிரல் அளவு மொட்டெல்லாம் அப்படியே உதிர்ந்துவிடும், பிறகு பூச்சி பூச்சி என்று மருந்து தேடுவார்கள். வெயில் குறைந்தது 6 மணி நேரம். நிழலில் வைத்தால் ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும்.

தண்டு ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும், பூ ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போகும், ஆனால் செடி புதராக நிற்கும். கிள்ள மனசு வராது. நானே ஐந்து தண்டு இருந்தால் மூன்றில்தான் கிள்ளுவேன், அப்போது பூவும் முன்பின்னாக வந்து நாள் நீளும்.

ஸ்கார்பரோ மாமி | ஜூன் 5

கிள்ளின நுனியை எறியாதையும். கீழ் இலையைக் கழற்றிவிட்டு ஒரு போத்தல் தண்ணீரில் வைத்தாலும் வேர் விடும், நான் அப்படி இரண்டு கொடுத்திருக்கிறேன். பெரிய தூரைக் கோடரியால் பிரித்துப் பாதியை அயலவருக்குக் கொடுக்கப் போய், என்னுடைய பாதி ஒரு வருஷம் பூக்கவே இல்லை.

எடிசன்வாசி | ஜூலை 9

செடி இடுப்புயரம் வந்துவிட்டது, மொட்டு எண்ணினேன், 23. ஆனால் இலையெல்லாம் சல்லடை. நரம்பு மட்டும் மிச்சம், வலை மாதிரி. பட்டுப்போன்ற பச்சையும் செம்பு நிறமுமாக வண்டுகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. புழுவுக்கு என்று பிடி (Bt) பவுடர், அதுதான் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து, வாங்கித் தெளித்தேன், ஒரு பலனும் இல்லை.

கொல்லைப்புறம் | ஜூலை 9

வண்டு ஜப்பானிய வண்டு. 1916ல் இந்த நாட்டில் முதன்முதலில் அதைக் கண்டதே உங்கள் நியூஜெர்சியில்தான், ரிவர்ட்டன் பக்கம் ஒரு நர்சரியில். அதனால் அதற்கு அங்கே உங்களைவிட உரிமை அதிகம். காலை ஏழு மணிக்கு, அது சோம்பலாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர் டப்பாவை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள், தொப் தொப்பென்று விழும். மஞ்சள் பை மாதிரி பொறி விற்பார்கள், வாங்க வேண்டாம், அது ஊரில் இல்லாத வண்டையும் உங்கள் வீட்டுக்கு அழைத்து வரும்.

ஆனால் வண்டு மட்டும்தானா என்று இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கால் அங்குலம், அரை அங்குலத்தில் இலைப் பச்சையில் கருந்தலைப் புழு இருந்தால் அது ஹைபிஸ்கஸ் ரம்ப ஈ. பார்க்கக் கம்பளிப்பூச்சிக் குட்டி மாதிரி இருந்தாலும் அது வண்ணத்துப்பூச்சி வகையைச் சேர்ந்தது இல்லை, குளவிக்கு உறவு. கடையில் விற்கிற வழக்கமான பிடி (Bt) கம்பளிப்பூச்சியை மட்டும்தான் கொல்லும், உங்கள் பவுடர் வேலை செய்யாததற்கு அதுதான் காரணம். கையால் நசுக்குங்கள், இல்லை பூச்சி சோப்பைப் புழுமேல் படும்படி அடியிலிருந்து அடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பினோசாட் என்கிற பூச்சிமருந்து, அதுவும் பொழுது சாய்ந்து பூ சுருங்கிய பிறகு, ஏனென்றால் ஈரமாக இருக்கும்போது தேனீக்கு ஆகாது. இந்தப் பூவையே நம்பி வாழ்கிற ஒரு தேனீ இங்கே உண்டு, கறுப்பாக, பம்பிள் தேனீ சாயலில். அடித்துவிடாதீர்கள்.

எடிசன்வாசி | ஜூலை 24

புழு இருந்தது, ஒரே இலையின் அடியில் ஒன்பது. பிள்ளைகளுக்கு ஒரு புழுவுக்கு ஐந்து சென்ட் என்று பேசி விட்டதில் நாலு டாலர் எழுபது சென்ட் செலவு.

இன்று காலை முதல் பூ. இரவு படுக்கும்போது குடை மடக்கியது மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது, எட்டு மணிக்குப் போனால் விரிந்து கிடக்கிறது, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஒன்பதே முக்கால் அங்குலம். நடுவில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பக்கத்தில் பார்த்தபோதுதான் தோன்றியது, இது வெண்டைப்பூவை ஊதிப் பெரிதாக்கியதுதான், அதே கழுத்து, அதே மகரந்தத் தூண். மாமியாருக்குக் காட்டினேன், பிள்ளையாருக்கு வைக்கச் சொன்னார். வைத்தேன், பிள்ளையார் முழுசாக மறைந்துவிட்டார். நாளை காலைக்குள் வாடிவிடுமாம், ஒரு நாள் பூதானே.

விதை கட்டினால் யாருக்காவது வேண்டுமா?

ஸ்கார்பரோ மாமி | ஜூலை 24

எல்லை தாண்டி விதை அனுப்ப ஆயிரம் விதி, வேண்டாம் பிள்ளை. உங்கட அயலவருக்குக் கொடும், ஹைப்ரிட் எண்டால் இதே நிறம் வராது எண்டும் சொல்லிக் கொடும்.

ஹூஸ்டன் வெயில் | ஜூலை 25

கடப்பாரை இப்போது எங்கே இருக்கிறது?

எடிசன்வாசி | ஜூலை 25

வீட்டுக்காரர் முன்பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிக்கொண்டிருக்கிறார். நேற்று சாயந்திரம் கடைக்குப் போய்ச் செம்பு நிற இலையில் ஒன்று வாங்கி வந்தார், லேபிளைப் பத்திரமாக அவரே பர்சில் வைத்திருக்கிறார்.