பேச்சிப்பாறை பக்கம் பள்ளி நூலகத்துக்கு ஆட்கள் தேவை

வணக்கம் மக்களே. மலையோரத்து அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் நூலகத்தையும் ஆங்கில வகுப்பையும் சீராக்குகிறோம். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருபவர்கள் கை கொடுங்கள்.

அங்கிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்ப வேண்டாம். பனிமனிதன் கதை ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒட்டாது. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் தமிழ்-ஆங்கில இருமொழிக் கதைகளே நல்லது. ஒரே தலைப்பில் 5 பிரதி கிடைத்தால் சேர்ந்து வாசிக்கலாம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரம் ஏறி, பூஞ்சை பிடித்து, அட்டை கையோடு வந்துவிடும். அரை அடி தள்ளிப் போட 2 இரும்பு ரேக் வேண்டும்.

வகுப்பெடுப்பவர்கள் ஒலியிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலத்தின் p, b இரண்டுக்கும் தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்துதான். பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மேல் பிள்ளைகள் பென்சிலால் 'பால்' என்று எழுதுவார்கள். மறுநாள் வாசித்தால் அது குடிக்கிற பால். தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் p, b வித்தியாசம் பிடிபடும்.

இரண்டு நாள் வந்து போவதில் பிள்ளைகளுக்குப் பயனில்லை, குறைந்தது 3 வாரம் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஊரில் இருப்பவர்கள் தேதியைக் கீழே போடுங்கள். பழைய ரேக் இருந்தாலும் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.