கலைத்த லேஅவுட்டிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

வணக்கம். 4 அடி நீள, 1 அடி அகலப் பலகையில் எச்ஓ அளவில் (1:87) புது மாடல் ரயில் லேஅவுட் திட்டமிடுகிறேன். யோசனைக்காக, முன்பு கலைத்துவிட்ட மூன்று லேஅவுட்களின் படங்களை எடுத்துப் பார்த்தேன். மூலையில் இருந்த சின்ன சரக்குக் கிடங்குதான் இன்னும் மனதில் நிற்கிறது. இரண்டு பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்), நான்கு வேகன், அவ்வளவுதான். அதில் வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசை மாற்றி, மணிக்கணக்கில் ஷண்டிங் செய்திருக்கிறேன்!

அமெரிக்க மாடல் ரயில் கலைஞர் ஜான் ஆலனின் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்ற புகழ்பெற்ற லேஅவுட் 1973-இல் தீயில் அழிந்தது. ஆனாலும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பலருக்கு வழிகாட்டுகின்றன.

அந்தக் கிடங்கை அப்படியே திரும்பக் கட்டலாமா, தண்டவாள அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு சூழலை மாற்றலாமா? நீங்கள் பழைய லேஅவுட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தீர்கள்? அப்புறம், எதை விட்டிருக்கலாம் என்று தோன்றியது? படங்கள் இருந்தால் அவசியம் பகிருங்கள்.